வீட்டுக்குள்ளிருந்தே மனநல ஆலோசனை: ஊரடங்குக் காலச் சேவைகளை எப்படி எடைபோடுவது?

ஊரடங்கு நாட்களில் மனநல உதவி தேடுகிறவருக்கு நான்கு வகைச் சேவைகள் கைக்கெட்டும். ஆலோசகரோடு வீடியோவில் பேசலாம். தொலைபேசியில் பேசலாம். செய்தியாக எழுதி அனுப்பிப் பதில் வாங்கலாம். ஆளே இல்லாமல் ஒரு செயலியை மட்டும் வைத்துச் சமாளிக்கலாம். நான்கையும் "ஆன்லைன் கவுன்சலிங்" என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். ஆனால் நான்கும் ஒன்றல்ல. எது யாருக்குப் பொருந்தும், எது எங்கே சறுக்கும், பணமும் நம்பிக்கையும் போடுவதற்கு முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

எங்கள் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஆலோசகர் கூட இருப்பது வழக்கமாக 50 நிமிடம். மிச்சமுள்ள 167 மணி நேரமும் அதே அறை, அதே சுவர், அதே செய்திகள், அதே முகங்கள். சாதாரண நாட்களில் ஆலோசனை முடிந்து வெளியே வந்தால் வேலை, நண்பர்கள், கடைத்தெரு என்று உலகமே பாதிச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளும். ஊரடங்கில் அந்த உலகம் பூட்டிக்கிடக்கிறது. ஆகவே அந்த 50 நிமிடம் எவ்வளவு இதமாகப் போனது என்பது இரண்டாம் பட்சம். அழைப்பை வைத்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்தே ஒரு சேவையை நல்லது, மோசம் என்று சொல்கிறோம்.

உதவி கேட்பது அளவுக்கு மீறிய செயலோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த ஓராண்டில் உலகெங்கும் மனச்சோர்வு நோய் ஏறக்குறைய 5.3 கோடிப் பேருக்கும், பதற்ற நோய் 7.6 கோடிப் பேருக்கும் கூடுதலாக வந்திருக்கும் என்று 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கணக்கீடு சொன்னது. பெண்களும் இளவயதினருமே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அதற்கு முன்பே, 2020 பிப்ரவரியில், தனிமைப்படுத்தல் பற்றிய 24 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கட்டுரை ஒன்று அதே இதழில் வந்தது. நாட்கள் நீண்டுகொண்டே போவது, தொற்றிவிடுமோ என்ற பயம், சலிப்பு, தேவையான பொருள் கிடைக்காமல் போவது, தெளிவில்லாத தகவல், வருமான இழப்பு, மற்றவர்கள் ஒதுக்கிவைப்பது ஆகியவைதான் மனத்தை அதிகம் வாட்டுகின்றன என்று அது வரிசைப்படுத்தியது. நல்ல ஆலோசகர் இந்த ஒவ்வொன்றையும் முதல் அமர்விலேயே தொட்டுக் கேட்பார். வருமானம் நின்றுபோனவரிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் சிறுவயது நினைவுகளில் தொடங்கினால், அவர் ஊரடங்கைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

முதல் அமர்வின் முதல் ஐந்து நிமிடம்

ஒரு சேவையின் தரம் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். வணக்கம் சொல்லி முடித்ததும் ஆலோசகர் இப்படிக் கேட்க வேண்டும்: "இப்ப எங்க இருந்து பேசுறீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா? நாம பேசுறது அவங்க காதுல விழுமா? லைன் கட்டாயிட்டா எந்த நம்பர்ல கூப்பிடட்டும்? ரொம்ப அவசரம்னா உங்க சார்பா நான் யாரைக் கூப்பிடலாம்?"

கேட்பதற்கு அலுவலகப் படிவம் நிரப்புவதுபோல இருக்கும். ஆனால் ஐந்துமே உயிர்க்கவசம். பேசுகிறவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால் ஆபத்து நேரத்தில் உதவி அனுப்ப முடியாது. அதனால் இருப்பிடத்தை ஒருமுறை பதிந்தால் போதாது. ஒவ்வொரு அமர்விலும் கேட்க வேண்டும். அடுத்த அறையில் இருப்பவரைப் பற்றியே பேச வேண்டியிருந்தால், அவர் காதில் விழும் நிலையில் கேள்வி கேட்பதே ஆபத்து. அனுபவமுள்ள ஆலோசகர் அப்போது "ஆமாம்", "இல்லை" என்று பதில் வரும்படி மட்டுமே கேட்பார். கூடவே ஒரு மறைவாக்கியத்தையும் பேசிவைத்துக்கொள்வார். "அந்த பில் விஷயத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று உதவி தேடுகிறவர் சொன்னால் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று பொருள். உடனே பேச்சு சாதாரண அலுவல் பேச்சாக மாறிவிடும். வன்முறை நடக்கும் வீட்டில் அடைபட்டிருப்பவருக்கு இந்த ஏற்பாடு இல்லாத சேவையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எதிரில் இருப்பவர் யார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மனநல மருத்துவர் மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் சோதனைகளும் சிகிச்சையும் செய்வார். ஆலோசகரின் படிப்பும் பயிற்சியும் ஆளுக்கு ஆள் மாறும். "வெல்னஸ் கோச்" என்ற பட்டத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் மனத்தைத் திறக்க வேண்டாம்.

அளந்து பார்க்காத சிகிச்சை

மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ.–9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி.–7 என்று இரண்டு கேள்வித்தாள்கள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளன. முன்னது 2001இலும் பின்னது 2006இலும் வெளியாயின. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொந்தரவும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். பி.எச்.கியூ.–9இல் மொத்தம் 27. 5 வந்தால் லேசானது, 10 நடுத்தரம், 15 ஓரளவு கடுமை, 20 முதல் கடுமை. ஜி.ஏ.டி.–7இல் மொத்தம் 21. 5, 10, 15 ஆகியவை எல்லைகள். நிரப்ப ஐந்து நிமிடம் போதும்.

இது நோயைத் தீர்மானிக்கும் தீர்ப்பு அல்ல. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் போல. முதல் நாள் எடுத்து, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி எடுத்தால்தான் பயன். பி.எச்.கியூ.–9இல் 5 புள்ளி குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். ஐந்தாறு அமர்வு முடிந்தும் எண் அசையவில்லை என்றால், திட்டத்தை மாற்றலாமா, மருத்துவரைப் பார்க்கலாமா என்று ஆலோசகரே பேச்சை எடுக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தூக்கம், அசதி, பசி, கவனம் பற்றிய கேள்விகள் அந்தத் தாளில் உள்ளன. தொற்று வந்து உடம்பு தேறிக்கொண்டிருப்பவருக்கு இந்த நான்கிலும் மதிப்பெண் ஏறும். அது மனச்சோர்வா, நோயின் மிச்சமா என்று பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

இந்த இடத்தில் பல சேவைகள் தோற்றுப்போகின்றன. கேள்வித்தாளைத் தானியங்கி மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள், மொத்த எண்ணைக் கணக்கிட்டு வண்ணப் பட்டையாகக் காட்டுகிறார்கள். ஆனால் ஒன்பதாவது கேள்வியை யாரும் படிப்பதில்லை. இறந்துபோனால் தேவலை, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணங்கள் பற்றிய கேள்வி அது. மொத்தம் வெறும் 7 என்றாலும், அந்த ஒரு கேள்விக்கு 1 போட்டிருந்தால் அன்றைக்கே ஒரு மனிதக் குரல் கூப்பிட வேண்டும். பதிவு செய்யும்போதே கேளுங்கள்: "ஒன்பதாவது கேள்விக்கு நான் பூஜ்யம் போடாவிட்டால் என்ன செய்வீர்கள்?" பதில் தெளிவாக இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

வீடியோ

முகம் தெரிகிறது, அதுதான் இதன் பலம். கண் கலங்குவதையும், கை பிசைவதையும், இரண்டு நாளாகத் தலை வாராததையும் ஆலோசகர் பார்க்கிறார். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையை, அதாவது சி.பி.டி.யை, வீடியோவில் தருவதும் நேரில் தருவதற்கு இணையாகப் பலன் தருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பலன் கெடுவது பெரும்பாலும் அறையின் ஏற்பாட்டில்தான்.

இணைய வேகத்தில் இறங்கும் வேகத்தை மட்டும் பார்க்கிறோம். ஏற்றும் வேகமும் நொடிக்கு 1.5 மெகாபிட் அளவாவது நிலையாக இருக்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் அதே நேரத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒலி பின்தங்கும். அரை நொடி தாமதம்கூடப் பேச்சைக் கெடுக்கும். நீங்கள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிய பிறகு ஆலோசகரின் "ம்ம்" வந்து சேரும், குறுக்கிடுகிறார் என்று நினைத்து நிறுத்திவிடுவீர்கள், அவரும் நிறுத்துவார், சொல்ல வந்தது சொல்லப்படாமலே போய்விடும். அப்படி நடந்தால் தயங்காமல் படத்தை அணைத்துவிட்டு ஒலியில் மட்டும் தொடருங்கள். தாமதமான முகத்தைவிடத் தாமதமில்லாத குரல் மேல்.

பலருக்கும் தெரியாத இன்னொரு சிக்கல், மென்பொருளின் இரைச்சல் நீக்கும் வசதி. பேச்சு அல்லாத ஓசையை எல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அது அழித்துவிடும். பெருமூச்சும் மெல்லிய அழுகையும் அதோடு போய்விடும். ஆலோசகருக்கு வெறும் மௌனம்தான் கேட்கும். அமைப்புகளுக்குள் போய் அதைக் குறைந்த அளவுக்கு மாற்றுங்கள். திரையின் ஓரத்தில் உங்கள் முகமே தெரிவதையும் மறைத்துவிடுங்கள்; ஒரு மணி நேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மனம்விட்டுப் பேச முடியாது. போனைக் கையில் பிடிக்காமல், கேமரா கண் உயரத்துக்கு வரும்படி நான்கு புத்தகம் அடுக்கி அதன் மேல் சாய்த்து வையுங்கள்.

குரல் வெளியே கேட்காமலிருக்க மின்விசிறியையோ ரேடியோவையோ உங்கள் பக்கத்தில் ஓடவிடுவது பயன்தராது. ஆலோசகருக்குத்தான் காது வலிக்கும். கதவுக்கு வெளியே வையுங்கள். மறைக்கும் ஓசை, ஒட்டுக்கேட்கக் கூடியவரின் காதருகே இருக்க வேண்டும். ஹெட்போன் கட்டாயம், அதனால் எதிர்ப்பக்கக் குரலாவது அறைக்குள் அடங்கும். தனி அறையே இல்லாதவர்கள் நிறுத்திவைத்த வாகனத்துக்குள்ளிருந்து பேசுவதும் உண்டு. அதில் தவறில்லை.

அழைப்பு முடிந்த அடுத்த பத்து நிமிடத்தைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போனால் திரும்பி வரும் வழியில் மனம் ஆறும். வீட்டில் அந்த வழி கிடையாது. துயரமான ஒன்றைப் பேசி முடித்த அதே நாற்காலியில், அதே திரையில், அடுத்த நொடி அலுவலகக் கூட்டத்துக்குள் நுழைந்தால் அன்றைய நாளே கலங்கிப்போகும். எழுந்து அறை மாறுங்கள், முகம் கழுவுங்கள், ஜன்னலோரம் நில்லுங்கள்.

தொலைபேசி

இதற்கு உரிய மதிப்பை யாரும் கொடுப்பதில்லை என்பது எங்கள் கருத்து. முகம் காட்டக் கூசுகிறவர்களும், நாள் முழுக்க வீடியோ கூட்டங்களில் கண் பூத்துப்போனவர்களும், இணையம் சரியாகக் கிடைக்காதவர்களும் தொலைபேசியிலேயே தொடங்கலாம். நடந்துகொண்டே பேசலாம் என்பது கூடுதல் வசதி. உட்கார்ந்தால் வாயடைத்துப்போகிறவர்கள் நடக்கும்போது பேசிவிடுகிறார்கள். மௌனம்தான் இதன் குறை. முகம் தெரியாத இடத்தில் ஐந்து நொடி மௌனம்கூட "போய்விட்டாரோ" என்று தோன்றவைக்கும். அனுபவமுள்ள ஆலோசகர் அதை உணர்ந்து "நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், நிதானமா சொல்லுங்க" என்பார்.

இலவச உதவி எண்கள் தனி ரகம். அவை அந்த நேரத்து நெருக்கடியைத் தாண்டவைப்பதற்கானவை. ஒவ்வொரு முறையும் வேறு குரல் எடுக்கும், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். தொடர்சிகிச்சையை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு அவற்றுக்கு ஈடான சேவை வேறு இல்லை.

எழுத்து வழி ஆலோசனை

சத்தமே வராது. அடுத்த கட்டிலில் ஆள் படுத்திருந்தாலும் எழுதலாம். ஊரடங்கில் அது பெரிய வரம். எழுதுவதற்காக எண்ணத்தை ஒழுங்குபடுத்தும்போதே பாதிப் பாரம் இறங்குவதும் உண்டு. ஆனால் "எப்போது வேண்டுமானாலும் எழுதலாம்" என்ற விளம்பரம் எப்போது பதில் வரும் என்பதைச் சொல்வதில்லை. இரவு பதினொன்றுக்கு எழுதி, அடுத்த நாள் மாலை வரை பதிலுக்காகப் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பது பதற்றக்காரருக்கு மருந்தாகாது, நோயைத்தான் வளர்க்கும். பதில் நேரத்தைச் சேவை எழுத்தில் தர வேண்டும். நீங்களும் எழுதியதும் நோட்டிபிகேஷனை அணைத்துவிட்டு, அந்த நேரத்துக்கு ஒருமுறை மட்டும் பாருங்கள். தற்கொலை எண்ணம், வன்முறை, குழப்பமான சிந்தனை இருந்தால் இந்த வழி கூடவே கூடாது. எழுதியது அழியாமல் கிடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் போனை வீட்டில் யாரெல்லாம் எடுப்பார்கள் என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆளில்லாத செயலிகள்

பெரும்பாலானவை தரவிறக்கிய வேகத்திலேயே மறக்கப்படுகின்றன. மனநலச் செயலிகளின் பயன்பாட்டை அளந்து 2019இல் வெளியான ஆய்வில், செயலிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் செயலியை, நிறுவிய 15ஆம் நாளில் திறந்து பார்த்தவர்கள் 3.9 சதவீதம்தான். சோர்ந்த மனத்துக்கு "தானாகச் செய்" என்பதுதான் இருப்பதிலேயே கடினமான கட்டளை. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒரு மனிதர் அழைத்து "எதுவரைக்கும் வந்தீங்க?" என்று கேட்டாலே விட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைகிறார்கள். வழிகாட்டி உள்ள இணையவழி சி.பி.டி., வழிகாட்டி இல்லாததைவிட மேல் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. செயலி வாங்குவதானால் அப்படிப்பட்டதை வாங்குங்கள்.

அரட்டை நிரலோடு பேசுவதில் ஒரு ஆறுதல் இருக்கலாம். 1966இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற எளிய நிரலிடமே மக்கள் மனம்விட்டுப் பேசினார்கள்; எழுதியவரே அதைக் கண்டு கலங்கினார். ஆறுதல் வேறு, பொறுப்பு வேறு. நிரலுக்கு உங்கள் இருப்பிடம் தெரியாது. அது யாரையும் உங்களுக்காகக் கூப்பிடாது.

மூச்சுப்பயிற்சிச் செயலிகளில் அடிக்கடி நேரும் விபத்து ஒன்று. "நன்றாக ஆழமாக இழுங்கள்" என்று சொன்னதும் பதற்றத்தில் இருப்பவர் நெஞ்சு புடைக்க வேகமாக இழுப்பார். உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும். விரல் நுனி மரத்து, தலை சுற்றும். "ஐயோ, ஏதோ ஆகிறது" என்று பதற்றம் இரட்டிப்பாகும். ஆழம் முக்கியமல்ல, வெளிவிடும் நேரம்தான் முக்கியம். மூக்கால் மெதுவாக 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே என்று ஐந்து நிமிடம் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்து, உள்ளங்கால் தரையில் அழுந்துவதைக் கவனிக்கட்டும்.

மிச்ச 167 மணி நேரம்

இனிதான் எங்கள் அளவுகோலுக்கு வருகிறோம். மனச்சோர்வுக்கு ஊரடங்கில் மிகவும் கைகொடுக்கும் உத்தி, செயலைத் தூண்டும் சிகிச்சை. 1996இல் உளவியலாளர் ஜேக்கப்சன் குழுவினர் சி.பி.டி.யைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, இந்த ஒரு பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடாக நின்றது. காரணம் எளிது. மனம் சோர்ந்தால் செயல் குறைகிறது. செயல் குறைந்தால் மகிழ்ச்சி தரும் நிகழ்வுகள் குறைகின்றன. மனம் இன்னும் சோர்கிறது. ஊரடங்கு இந்தச் சக்கரத்தை வெளியிலிருந்தே சுழற்றிவிடுகிறது. ஆர்வம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், முதலில் செய்வது. ஆர்வம் பின்னால் வரும்.

ஒரு தாளை எடுத்து மணிக்கணக்கில் கோடு போடுங்கள். அந்த மணியில் செய்தது என்ன, அதில் கிடைத்த மகிழ்ச்சி 10க்கு எத்தனை, "முடித்தேன்" என்ற நிறைவு 10க்கு எத்தனை. முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். எழுதினால் மட்டும் போதும். தாள் இப்படி இருக்கும்: காலை 10 முதல் 11 வரை, படுக்கையில் போன், 2, 0. மாலை 4 முதல் 5 வரை, அலமாரியில் ஒரு தட்டை மட்டும் அடுக்கியது, 3, 6. இரவு 9 முதல் 10 வரை, தொற்றுச் செய்திகள், 1, 0. பொழுதுபோக்கு என்று நினைத்தது 2 வாங்குவதும், அலுப்பு என்று நினைத்தது 6 வாங்குவதும் தாளில்தான் தெரியும். தலைக்குள் வைத்துப் பார்த்தால் எல்லா நாளும் ஒரே சாம்பல் நிறம்.

இரண்டாம் வாரம், எண் மிகக் குறைவாக உள்ள ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து அதில் ஒரே ஒரு செயலைப் புகுத்துங்கள். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். "தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி" என்று எழுதிவைத்து, மூன்றாம் நாள் விட்டு, "என்னால் இதுகூட முடியவில்லை" என்ற புதுக் குற்றவுணர்வைச் சம்பாதிக்கிறார்கள். தோன்றிய அளவைப் பாதியாக்குங்கள், அதையும் பாதியாக்குங்கள். எப்போது, எங்கே, எத்தனை நிமிடம் என்பது எழுத்தில் இருக்கட்டும்: "காலை 8 மணிக்கு, ஜன்னலோரம், 10 நிமிடம் நிற்பது." ஜன்னலோரம் என்றது சும்மா இல்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டுக்குள் அது பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் தாண்டாது. மேகம் மூடிய நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைத் திருத்தி இரவுத் தூக்கத்தைச் சீராக்கும். இப்படி ஒரு தாளைக் கொடுத்து, அடுத்த வாரம் முதல் வேலையாக அதை எடுக்கச் சொல்கிற ஆலோசகர் கிடைத்தால் விடாதீர்கள். கொடுத்துவிட்டு அடுத்த வாரம் அதைப் பற்றிக் கேட்கவே கேட்காதவர், இனி எழுத வேண்டாம் என்று சொல்லாமல் சொல்கிறார்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குவது 1983இல் உளவியலாளர் போர்கோவெக் குழு சோதித்த பழைய உத்தி. தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, 30 நிமிடம். மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு வரியில் குறித்துவைத்து, "அப்போது பார்க்கலாம்" என்று ஒத்திவைப்பது. நேரம் வந்ததும் குறிப்பை எடுத்து, என் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரிப்பது. இதைப் படுக்கையில் செய்தாலோ, தூங்கப்போகும் நேரத்தில் செய்தாலோ தூக்கம்தான் கெடும். மாலை ஐந்து மணி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தி பார்ப்பதும் நாளுக்கு இருமுறை, 15 நிமிடம் போதும்.

தூக்கத்துக்கு, எழும் நேரம் மாறக் கூடாது. படுக்கும் நேரம் மாறினாலும் பரவாயில்லை. ஏறக்குறைய 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால், கடிகாரம் பார்க்காமல் உத்தேசமாகவே எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பிப் படுப்பது. படுக்கும் நேரத்தையே சுருக்கும் முறை ஒன்றும் உண்டு. பலன் பெரிது, ஆனால் இருதுருவ மனநோயோ (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) வலிப்போ உள்ளவர்களுக்கு அது நோயைக் கிளப்பிவிடலாம். இந்த இரண்டையும் கேட்காமல் தூக்கத்தைக் குறைக்கச் சொல்லும் சேவை ஆபத்தானது.

அந்தரங்கம், அவசரம், மருந்து

2020 அக்டோபரில் பின்லாந்தில் ஒரு உளசிகிச்சை நிறுவனத்தின் நோயாளிக் குறிப்புகள் திருடுபோனது வெளியே தெரிந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு "பணம் தா, இல்லாவிட்டால் நீ பேசியதை வெளியிடுவேன்" என்று மிரட்டல் போனது. ஆகவே அமர்வு பதிவாகிறதா, குறிப்புகள் எங்கே எத்தனை காலம் இருக்கும், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா, விளம்பர நிறுவனங்களுக்கு எது போகிறது என்று கேட்பது சந்தேகப் புத்தி அல்ல. குடும்பம் முழுக்கப் பயன்படுத்தும் மின்னஞ்சலில் பதிவு செய்யாதீர்கள். பூட்டிய திரையிலேயே "உங்கள் ஆலோசனை நேரம்" என்று நினைவூட்டல் வராதபடி அமைப்பை மாற்றுங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா, நிறுத்தும் பொத்தான் எங்கே என்பதையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

தற்கொலை எண்ணம் எப்போதாவது வந்திருந்தால், ஆலோசகர் உங்களோடு சேர்ந்து ஆறு படிகள் கொண்ட பாதுகாப்புத் திட்டத்தை எழுத வேண்டும். நிலைமை மோசமாவதன் அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, மனத்தைத் திருப்ப உதவும் ஆட்களும் இடங்களும், வாய்விட்டு உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவரும் உதவி எண்களும், ஆபத்தான பொருட்களைக் கைக்கெட்டாத இடத்துக்கு மாற்றுவது. ஊரடங்கில் மூன்றாவது படி உடைந்துபோகும், ஏனென்றால் இடங்கள் மூடிக்கிடக்கும். அங்கே அழைக்கக்கூடிய பெயர்களையும், எந்த நேரத்தில் யார் போனை எடுப்பார்கள் என்பதையும் எழுத வேண்டும். ஆறாவது படிக்கு வீட்டில் இன்னொருவரின் ஒத்துழைப்பு தேவை. அதை வாயால் பேசிவிட்டு விடாமல், அமர்வு முடிவதற்குள் செய்யவைப்பதே முறை. ஆபத்து இந்த நொடியில் இருந்தால் செயலியோ அடுத்த அமர்வோ அல்ல, அவசர எண்தான்.

மருந்து எடுப்பவர்கள் இரண்டு வாரத்துக்கான இருப்பு குறைவதற்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். மனச்சோர்வு மருந்து பலன் காட்ட சில வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும்; அதை நோய் திரும்பிவிட்டது என்று பலர் தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

முடிக்கும் முறையிலும் சேவையின் யோக்கியதை தெரியும். கேள்வித்தாள் மதிப்பெண்கள் இறங்கியதும் வாராந்திர அமர்வை இரு வாரத்துக்கு ஒன்றாக்கி, கடைசி அமர்வில் ஒரு பக்கம் எழுதவைப்பார்கள்: சறுக்கல் தொடங்கினால் முதலில் தெரியும் மூன்று அறிகுறிகள், அப்போது திரும்ப எடுக்க வேண்டிய இரண்டு பழக்கங்கள், கூப்பிட வேண்டிய ஒரு எண். ஊரடங்கு தளர்ந்து இரண்டு வாரம் கழித்து இன்னொரு அமர்வுக்கும் அப்போதே நாள் குறித்துவிடுங்கள். கூட்டத்துக்குள் மறுபடி கால் வைக்கும்போது வரும் பயம் வேறு மாதிரியானது. வீட்டுக்குள் உதவிய தாளை அப்போது கொஞ்சம் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.